சிலை போல இருக்கச் சொன்னது யார்?

கடிதத்தின் சுருக்கம்: வாசகருக்கு 43 வயது. மேற்கு மாவட்டம் ஒன்றில் ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். மனைவியும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். பண்டைய கிரேக்க, ரோமானியச் சிந்தனைப் பள்ளியான ஸ்டோயிக் தத்துவம் பற்றிய வீடியோக்களை இரண்டு வருடமாகப் பார்த்து, அதன்படி நடக்க முயல்கிறார். காலை ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். எது நடந்தாலும் "இது என் கட்டுப்பாட்டில் இல்லை" என்று நோட்டில் எழுதுவது. இரவு படுத்ததும் வேலை போவது, மகளை இழப்பது என்று மோசமானதையெல்லாம் கற்பனை செய்து பார்ப்பது.

ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய அப்பா இறந்தார். ஐசியூவில் இருந்த நான்கு நாளும் இவர் உள்ளே போகவே இல்லை. பில், மருந்து, ரத்த ஏற்பாடு என்று வெளியிலேயே ஓடினார். சாவு வீட்டிலும் காரியத்திலும் அழவில்லை. பயிற்சி பலித்தது என்று நினைத்தார். சென்ற மாதம் ஜிஎஸ்டி தாக்கல் தாமதமானதற்கு, தன் தவறு இல்லாமலே, இளையவர்கள் முன்னால் இயக்குநரிடம் திட்டு வாங்கினார். வாயே திறக்கவில்லை, ஆனால் கை நடுங்கியது. அன்று இரவு மகள் கணக்கில் 100க்கு 43 வாங்கிய தாளைக் காட்டியதும் டம்ளரைச் சுவரில் எறிந்தார். மகள் மூன்று நாள் பேசவில்லை. "நீங்க கல்லு மாதிரி ஆயிட்டீங்க" என்கிறார் மனைவி. வாசகர் கேட்பது நான்கு: எங்கே தவறினேன்? உணர்ச்சியை அறிவால் முழுமையாக வெல்ல முடியுமா? மனைவியின் புகாரைப் பொருட்படுத்த வேண்டுமா? அடுத்து எதைப் படிக்கலாம்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் சில விஷயங்களை வெற்றி என்றும் சிலவற்றைத் தோல்வி என்றும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு அழாதது, மீட்டிங்கில் வாய் திறக்காதது, மனைவி என்ன சொன்னாலும் முகம் மாறாதது ஆகிய மூன்றும் வெற்றிப் பக்கம். கை நடுங்கியதும் மகளிடம் வெடித்ததும் தோல்விப் பக்கம். இந்தப் பட்டியலை ஸ்டோயிக் ஆசிரியர்களிடமே கொடுத்திருந்தால், முதல் வேலையாகக் கை நடுக்கத்தை அடித்துவிட்டிருப்பார்கள். பிறகு அந்த மூன்று வெற்றிகளைப் பற்றி உங்களை உட்காரவைத்து நிறையக் கேட்டிருப்பார்கள். மகளிடம் வெடித்தது தோல்விதான். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கி.மு. 300 வாக்கில் ஸீனோ ஏதென்ஸில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். அதன் மூன்றாவது தலைவரான கிரிசிப்பஸ் உணர்ச்சிகளைப் பற்றித் தனியாக நான்கு பகுதிகளில் ஒரு நூலே எழுதினார். அது முழுதாகக் கிடைக்கவில்லை. பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் மறுப்பதற்காக எடுத்துக் காட்டிய பகுதிகளிலிருந்துதான் நமக்கு அதில் பெரும்பாலும் தெரியும். உள்ளே ஒரு மிருகம் இருக்கிறது, அறிவு அதைக் கட்டிப்போட வேண்டும் என்று கிரிசிப்பஸ் சொல்லவில்லை. அந்தப் படம் பிளேட்டோவின் வழி வந்தவர்களுடையது. கிரிசிப்பஸைப் பொறுத்தவரை கோபமும் அறிவின் வேலைதான். அறிவு அவசரப்பட்டுக் கொடுத்த ஒரு தவறான தீர்ப்பு. தீர்ப்பைத் திருத்திவிட்டால் அடக்குவதற்கு எதுவும் மிஞ்சாது. திருத்தாமல் அடக்கினால், அது உள்ளேயே இருக்கும். இரண்டு வருடமாக நீங்கள் செய்துவந்தது இந்த இரண்டாவது காரியம்.

அடக்குவதன் விலையைப் பரிசோதனைக் கூடத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படக்காட்சி ஒன்றைப் பார்த்தவர்களில் சிலரிடம் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்றார். வேறு சிலரிடம் இதை விலகி நின்று, ஒரு மருத்துவ விஷயமாகப் பாருங்கள் என்றார். முகத்தை அடக்கியவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்றம்தான் கூடியது. பார்வையை மாற்றியவர்களுக்கு அருவருப்பே குறைந்தது.

முதல் அதிர்வு யாருக்கும் வரும்

கோபம் பற்றிய தன் நூலின் இரண்டாம் பகுதியில் ரோமானிய ஸ்டோயிக் செனெகா மூன்று கட்டங்களைப் பிரிக்கிறார். முதலாவது, நம் சம்மதம் கேட்காமல் உடலில் எழும் அதிர்வு. இரண்டாவது, "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, பதிலுக்குப் பதில் கொடுப்பதே சரி" என்று மனம் முன்வைக்கும் எண்ணமும் அதற்கு நாம் கொடுக்கும் சம்மதமும். மூன்றாவது, எது சரி என்ற கேள்வியே இல்லாமல் பாய்ந்து ஓடுவது. அறிவுக்கு இடம் இரண்டாவது கட்டத்தில் மட்டும்தான். முதலாவதை அறிவால் வெல்ல முடியாது என்று அவரே எழுதுகிறார். அதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, மேலே குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் உடல் சிலிர்ப்பது. மனதை உரமாக்க நீங்கள் தினமும் காலை ஐந்து மணிக்குச் செய்யும் காரியத்தையே, அறிவு எட்டாத இடத்துக்கு அவர் சான்றாகக் காட்டியிருக்கிறார். குளியலை நிறுத்த வேண்டியதில்லை. அது கோபத்துக்கு மருந்து என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியஸ் ஒரு கடற்பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். புயலில் கப்பல் தத்தளித்தபோது, உடன் வந்த பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியரின் முகமும் மற்றவர்களைப் போலவே வெளுத்துவிட்டது. புயல் அடங்கிக் கரையை நெருங்கியபோது கெல்லியஸ் காரணம் கேட்டார். ஆசிரியர் பையிலிருந்து, அடிமையாக இருந்து ஸ்டோயிக் ஆசிரியரான எபிக்டெட்டஸின் நூல் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஞானியும் சற்று நேரம் நடுங்குவான், வெளுப்பான். "இது உண்மையிலேயே பயங்கரம்" என்ற எண்ணத்துக்குத் தலையாட்ட மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அதில் இருந்தது. ஆக, மீட்டிங்கில் உங்கள் கை நடுங்கியதை எந்த ஸ்டோயிக்கும் குற்றமாக எழுத மாட்டார்.

இரண்டு வாக்கியங்கள், ஒரு நோட்டு

டம்ளர் சம்பவத்துக்கு வருவோம். கிரிசிப்பஸ் சொல்வதன்படி, ஒவ்வொரு உணர்ச்சிப் பெருக்குக்கும் அடியில் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, "நடந்தது பெரிய கேடு." இன்னொன்று, "இதற்கு இப்படி நடந்துகொள்வதே முறை." பலர் முதலாவதோடு மட்டும் மல்லுக்கட்டுவார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது இரண்டாவதுதான்.

"இது என் கட்டுப்பாட்டில் இல்லை" என்று எழுதும் அதே நோட்டில் இனி வேறு மாதிரி எழுதுங்கள். ஒரு பக்கத்தை நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் கேமரா பதிவு செய்யக்கூடியது மட்டும்: "கணக்கில் 43. தாளை மேஜையில் வைத்தாள்." "அலட்சியமாக வைத்தாள்" என்று எழுதினால் அது தீர்ப்பு, அடித்துவிடுங்கள். இரண்டாவதில் உடலில் நடந்தது: காது சூடானது, தாடை இறுகியது. மூன்றாவதில் கேடு பற்றிய வாக்கியம்: "இவள் வாழ்க்கை போச்சு." நான்காவதில் முறை பற்றிய வாக்கியம்: "இதற்குக் கத்தாமல் இருந்தால் நான் பொறுப்பில்லாத அப்பா." இப்படி எழுதிப் பார்த்தால் நான்காவது பத்தி உங்களுக்கே வியப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். மதிப்பெண்ணை விடவும், கத்துவது அப்பாவின் கடமை என்ற அந்த எண்ணம்தான் உங்கள் கையில் இருந்த டம்ளரைத் தூக்கி எறியவைத்திருக்கும்.

எழுதிய பிறகு மூன்றாவது, நான்காவது வாக்கியங்களிடம் மட்டும் கேளுங்கள்: இது உண்மையா, எந்த ஆதாரத்தில்? அரையாண்டுத் தேர்வில் 43 என்பதால் எந்த வாழ்க்கையும் போய்விடாது. கத்தாத அப்பாக்களில் பொறுப்பானவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியும். பதிலையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஒரு சம்பவத்துக்குப் பத்து நிமிடம் போதும், வாரத்துக்கு மூன்று சம்பவம் போதும். பெரிய சண்டைகளில் தொடங்காதீர்கள். வண்டி ஓட்டும்போது ஹாரன் அடித்தவன், மூடி போடாத பால் பாத்திரம் போன்ற சில்லறை எரிச்சல்களில் முதல் இரண்டு வாரம் பழகுங்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறு உண்டு: கோபம் கொதிக்கும்போதே நோட்டை எடுப்பது. நடப்பவன் நினைத்த இடத்தில் நிற்பான், ஓடுகிறவனால் உடனே நிற்க முடியாது என்பது கிரிசிப்பஸின் உவமை. ஓடத் தொடங்கிவிட்டால் வாதம் எடுபடாது. அந்த நேரத்துக்கு செனெகா சொல்லும் மருந்து தாமதம். "அப்பா கொஞ்சம் கழிச்சுப் பேசறேன்" என்று சொல்லி வேறு அறைக்குப் போங்கள். குறைந்தது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் "என்ன கேட்டிருக்க வேண்டும்" என்று மனதுக்குள் வசனம் ஒத்திகை பார்த்தால், போனதை விடச் சூடாகத் திரும்பி வருவீர்கள். துணி மடியுங்கள், பாத்திரம் கழுவுங்கள், கைக்கு வேலை கொடுங்கள். சொன்னபடி திரும்பி வந்து பேசுவதும் முக்கியம். வராவிட்டால் மகளுக்கு அது இன்னொரு தண்டனையாகத்தான் படும்.

டம்ளரை எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்காவிட்டால் இந்த வாரமே கேளுங்கள். "அப்பா டம்ளரை எறிஞ்சது தப்பு. நீ பயந்திருப்பே" என்பதோடு நிறுத்துங்கள். அடுத்து "ஆனா நீயும்" என்று வந்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். மதிப்பெண் பற்றி வேறொரு நாள், விடைத்தாளை இருவரும் பார்த்தபடி, எந்தப் பாடத்தில் எத்தனை போனது என்று பேசலாம். பொருளை எறிவது சின்ன விஷயம் என்று எண்ணவேண்டாம். உடலில் படாவிட்டாலும் மிரட்டல் மிரட்டல்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது.

அன்று பகலில் இயக்குநர் முன் அமைதி, இரவு மகள் முன் டம்ளர். நிகரானவனோடு மோதுவது ஆபத்து, மேலானவனோடு மோதுவது பைத்தியக்காரத்தனம், கீழே இருப்பவனோடு மோதுவது கேவலம் என்று செனெகா ஒரு கணக்குச் சொல்வார். பகலில் நீங்கள் கட்டுப்படுத்தியது கோபத்தையா, வேலை போய்விடுமோ என்ற பயம் உங்களைக் கட்டுப்படுத்தியதா? இதற்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்.

அப்பாவுக்காக

ஐசியூ வாசல் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதத்தின் நடுப்பகுதி.

எபிக்டெட்டஸிடம் ஓர் அதிகாரி வருகிறார். தன் சின்ன மகள் நோயில் கிடந்தபோது பக்கத்தில் இருக்கத் தாங்காமல் ஓடிவிட்டேன், தேறிவிட்டாள் என்று செய்தி வந்த பிறகுதான் திரும்பினேன் என்கிறார். அப்பாவின் பாசம் அப்படித்தானே என்பது அவர் வாதம். எபிக்டெட்டஸ் கேட்கிறார்: அம்மாவுக்கும் பாசம் உண்டு, வளர்க்கும் தாதிக்கும் உண்டு, எல்லோரும் பாசத்தால் ஓடியிருந்தால் அந்தக் குழந்தை யார் கையில் இருந்திருக்கும்? உன்னை ஓடவைத்தது பாசம் இல்லை, "இதை என்னால் தாங்க முடியாது" என்ற உன் தீர்ப்பு என்று முடிக்கிறார். நீங்கள் ஓடிப்போகவில்லை. மருந்துக்கும் ரத்தத்துக்கும் அலைந்தது கடமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நான்கு நாளில் பத்து நிமிடம் கூட உள்ளே போகாததை உறுதி என்று எழுதுவதற்கு முன்னால், "தாங்க முடியாது" என்ற தீர்ப்பு உங்களிடமும் இருந்ததா என்று பாருங்கள். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அந்த இடம் ஆறவே இல்லை என்பதால் சொல்கிறேன்.

அழாதது ஸ்டோயிக் சாதனையும் இல்லை. நண்பர் அனேயஸ் செரீனஸ் இறந்தபோது அளவு மீறி அழுதேன் என்று செனெகாவே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அதே கடிதத்தில் நண்பனை இழந்தவருக்கு அவர் சொல்வது, கண்ணீர் வரட்டும், வெள்ளமாக ஓட வேண்டாம் என்பதுதான். புதிதாக வீங்கிய மனக்காயத்துக்கு உடனே மருந்து போடாதே என்று கிரிசிப்பஸ் எச்சரித்ததாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதுகிறார். அவருடைய மகள் துல்லியா இறந்த கி.மு. 45ஆம் ஆண்டிலேயே எழுதிய நூலில்.

எல்லா ஸ்டோயிக் வரிகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. துக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து வெளியே புலம்பு, உள்ளுக்குள் மட்டும் புலம்பாதே என்கிறார் எபிக்டெட்டஸ். ஆலோசகராக நான் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி உட்கார்ந்திருப்பவரைப் பக்கத்தில் இருக்கும் மனைவி இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் மனைவியும் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய புகாரைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள், கட்டாயம். சிலை போல உணர்ச்சியில்லாமல் இருக்கக் கூடாது. மகனாக, அண்ணன் தம்பியாக, அப்பாவாக, குடிமகனாக உறவுகளைக் காக்க வேண்டும் என்று சொன்னவரும் இதே எபிக்டெட்டஸ்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவு. இரவு நேரத்து இழப்புக் கற்பனையை இன்றே நிறுத்துங்கள். வரப்போகும் துன்பத்தை முன்கூட்டி நினைத்துப் பார்ப்பது ஸ்டோயிக் பயிற்சிகளில் ஒன்றுதான், ஆனால் உண்மையான இழப்பு நடந்து சில மாதமே ஆனவர், தூக்கம் வரவேண்டிய நேரத்தில் செய்கிற பயிற்சி இல்லை. நடப்பதை விடக் கற்பனையில்தான் அதிகம் துன்பப்படுகிறோம் என்று எச்சரித்தவரும் செனெகாவே. வாரத்தில் ஒரு நாள், அப்பாவைப் பற்றி மனைவியிடமோ உடன்பிறந்தவர்களிடமோ அரை மணி நேரம் பேசுங்கள். ஐசியூ நாட்களையும் சேர்த்து. அழுகை வந்தால் வரட்டும்.

இரவில் வேண்டுமானால் செனெகா செய்த வேறொன்றைச் செய்யலாம். விளக்கு அணைந்து மனைவி பேச்சை நிறுத்தியதும், அன்றைய நாளை முழுதாகத் திருப்பிப் பார்ப்பாராம். நடந்துகொண்டதில் எது தவறு, எது பரவாயில்லை, அடுத்த முறை என்ன? பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உங்களைப் போல மதிப்பெண் போடும் பழக்கம் உள்ளவர்களிடம் இது சீக்கிரமே சுயவதையாக மாறும். செனெகா தனக்கே சொல்லிக்கொண்டதைப் பாருங்கள்: இனி இப்படிச் செய்யாதே, இப்போதைக்கு உன்னை மன்னிக்கிறேன். அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள்.

அலுவலகத்தில்

இயக்குநர் கத்துவது உங்கள் கையில் இல்லை. பதில் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. செனட் என்ற ஆட்சி மன்றத்துக்கு வராதே என்று ரோமப் பேரரசர் வெஸ்பேசியன் சொன்னபோது, அதன் உறுப்பினர் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் "என்னை உறுப்பினராக இல்லாமல் ஆக்குவது உங்கள் கையில், உறுப்பினராக இருக்கும்வரை வருவது என் கடமை" என்று சொன்னதை எபிக்டெட்டஸ் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தினார். உங்களுக்கு அவ்வளவு வீரம் தேவையில்லை, ஒரு மெயில் போதும். 11ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்குப் படிவத்துக்கு எந்தப் பிரிவின் இன்வாய்ஸ்கள் எந்தத் தேதியில் கைக்கு வந்தன, எப்போது நினைவூட்டினீர்கள் என்று தேதிவாரியாக ஒரு பக்கம். குற்றச்சாட்டு, உரிச்சொல் எதுவும் வேண்டாம். "அடுத்த மாதம் முதல் 7ஆம் தேதிக்குள் இன்வாய்ஸ் வந்தால் தாமதம் இராது" என்ற கோரிக்கையோடு அனுப்புங்கள். இயக்குநருக்கு அது பிடிக்காமல் போகலாம் என்ற ஆபத்து உண்டு. அனுப்பாவிட்டால் அடுத்த தாமதமும் உங்கள் தலையில் விழும் என்ற ஆபத்து அதைவிடப் பெரியது என்பது என் கணிப்பு.

எது முடியும், எங்கே உதவி வேண்டும்

முழுமையாக வெல்ல முடியுமா? அப்படி வென்றவன் ஃபீனிக்ஸ் பறவையைப் போல ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிறப்பான் என்பது செனெகாவின் மதிப்பீடு. அவனுக்கும் மகிழ்ச்சி, நல்விருப்பம், எச்சரிக்கை உணர்வு ஆகிய மூன்றும் உண்டு என்றே பள்ளியின் கொள்கை சொல்கிறது. அறிவு மட்டும் போதுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டையும் இருந்தது. மனதில் அறிவுக்குக் கட்டுப்படாத ஆற்றல்கள் உண்டு, அவற்றைப் பழக்கத்தால்தான் பயிற்ற முடியும் என்று பிற்கால ஸ்டோயிக்கான போசிடோனியஸ் கிரிசிப்பஸை மறுத்தார். என் தொழிலில் பார்க்கும்போது போசிடோனியஸ் பக்கம் நியாயம் அதிகம். இன்றைய அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் முன்னோடிகளான ஆல்பர்ட் எல்லிஸும் ஏரன் பெக்கும் ஸ்டோயிக்குகளுக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொன்னாலும், எண்ணங்களைத் திருத்துவதோடு நடத்தைப் பயிற்சியையும் சேர்த்தே வைத்தார்கள்.

ஐந்து மாதத் துக்கம் நோய் இல்லை. நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் கேட்கிறது, அதற்கும் வேறு அறிகுறிகள் சேர வேண்டும். ஆனால் தூக்கமோ பசியோ தொடர்ந்து இரண்டு வாரம் கெட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், குடி கூடினால், மறுபடி பொருளை எறிந்தாலோ கை ஓங்கினாலோ, நோட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் தைராய்டையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் அன்றே அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். இலவசம், நாள் முழுதும் இயங்கும், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, படிப்பது பற்றி. வீடியோக்களில் வரும் வரிகள் பெரும்பாலும் ஸ்டோயிக்காக வாழ்ந்த ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸுடையவை. அவர் அவற்றைத் தனக்காக மட்டும் எழுதிவைத்தார், அதனால் விளக்கம் இல்லாமல், முன்பின் இல்லாமல், கட்டளை போல இருக்கும். அதில் தொடங்க வேண்டாம். கோபம் பற்றிய செனெகாவின் நூலில் மூன்றாம் பகுதியை முதலில் படியுங்கள். நடைமுறை அதிகம் இருப்பது அதில்தான். பிறகு எபிக்டெட்டஸின் உரைகளில் முதல் நூலின் 11ஆம் உரை. மேலே நான் சொன்ன அதிகாரியின் கதை அதில் முழுதாக இருக்கிறது. முடிந்தால் அதை மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். ஓடிப்போன அந்த அப்பாவைப் பற்றி அவருக்கு வேறு கருத்து இருக்கலாம்.